துரை ஓட்டிய ஆடுகள்

படப்பிடிப்புக்கு ஆடு, மாடு, நாய், கோழி என்று கொண்டுபோய் நிறுத்துகிற நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் எழுத்துக்கூட்டி எழுதுகிறவள். முடிக்க நாளாகிவிட்டது. நீங்களும் நிதானமாகவே படியுங்கள். செம்மறி வைத்துப் பிழைத்தவள் நான். செம்மறியை அவசரப்படுத்தினால் அப்படியே நின்றுவிடும். நானும் அந்த ஜாதிதான்.

பொறுமை வேண்டும், வாயில்லாத பிராணிகள் மேல் பிரியம் வேண்டும் என்று உங்களுக்குப் பலரும் புத்தி சொல்லியிருப்பார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இந்தத் தொழிலில் பெரிய ஒத்தாசையாக இருந்தது பொறாமைதான். சிரிக்காதீர்கள். ஒரு நாயின் மேல் நான் பட்ட பொறாமையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் ஊர் திருப்போரூருக்கும் கடலுக்கும் நடுவில். மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையை அகலப்படுத்திக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சாலைக்கும் கடலுக்கும் இடையில் சவுக்குத் தோப்பும் மணல்வெளியுமாக இருக்கும். கிராமத்துக் காட்சி எடுக்க வேண்டுமென்றால் சென்னையிலிருந்து அங்கேதான் வருவார்கள். ஆடு வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். "ஆட்டக்கா" என்று கேட்டால் போதும், டீக்கடையில் வழி காட்டுவார்கள். படத்தில் ஆடு வந்தால் அதை யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். கதாநாயகி பாடிக்கொண்டு போவாள், பின்னால் ஏதோ சிவப்பாக அசையும். அந்தச் சிவப்பு என் ஆடுகள். நான் மட்டும் திரையில் அவளை விட்டுவிட்டு ஆட்டைப் பார்ப்பேன்.

ஒருநாள் தாடி வைத்த டைரக்டர் ஒருவர் வந்தார். சின்ன வயசு. வீட்டு வாசலில் குந்திக் கதை சொன்னார். ஒரு பண்ணை. அங்கே ஒரு நாய்க்குட்டி வருகிறது. முதலில் ஆட்டைக் கண்டால் பயப்படுகிறது. அப்புறம் வளர வளரப் பழகி, கடைசியில் பண்ணை ஆடு மொத்தத்தையும் ஒற்றையாக ஓட்டிக்கொண்டு வந்து பட்டியில் அடைக்கிறது. பிள்ளைகுட்டிகளோடு பார்க்கிற படம் என்றார்.

"நாயி ஆட்ட ஓட்டுமா?" என்று கேட்டேன்.

"ஓட்டும்மா. வெளிநாட்டுல எல்லாம் நாய்தான் ஓட்டுது."

"எங்க ஊர்ல நாயி பட்டியாண்ட படுத்துகினு கீதும். நரி வந்தா கொலைக்கும். அவ்ளோதான் அதோட வேல. ஆட்ட நாங்க கூட ஓட்ட மாட்டோம் தம்பி. முன்னால நின்னு கொரலு குடுப்போம், அது பின்னால வரும்."

டைரக்டர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்: "அப்ப நீங்க முன்னால நின்னு கூப்பிடுங்க. கேமராவுல தெரியாம. நாய் பின்னால ஓடி வரட்டும்."

கெட்டிக்காரர்தான். சத்தமெல்லாம் பிறகு ஸ்டுடியோவில் சேர்ப்பதால் நான் எவ்வளவு கத்தினாலும் படத்தில் கேட்காது. ஆடு என் குரலுக்கு வரும், நாய் ஆட்டுக்குப் பின்னால் வரும். பார்க்கிறவர்களுக்கு நாய் ஓட்டுகிற மாதிரி இருக்கும். சரி என்றேன். அப்போது எனக்கு வயிறு எரியவில்லை. எரிய ஆரம்பித்தது நாய் வந்த பிறகு.

காரில் வந்தது. நாய் பழக்குகிற மாஸ்டர் ஒருவர், தலையில் தொப்பி, இடுப்பில் பிஸ்கட் பை, மடியில் குட்டியை வைத்துக்கொண்டு இறங்கினார். வெள்ளையும் பழுப்புமாகப் பஞ்சு மாதிரி இருந்தது. கோலி என்கிற சீமை ஆட்டுநாய் வகை என்றார் மாஸ்டர். எனக்குத் தெரிந்த கோலி பசங்கள் தெருவில் ஆடுகிறதுதான். பெயர் துரை. வெள்ளைக்கார நாய்க்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

முதல் நாளே துரை போய் என் செவலையின் மூக்குக்கு நேராக மூக்கை நீட்டியது. செவலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மந்தையில் அவள்தான் முதலில் நடப்பாள். அவள் போனால் எல்லாம் போகும், அவள் நின்றால் எல்லாம் நிற்கும். நான் குரல் கொடுப்பது மந்தைக்கு என்று பெயர். உண்மையில் அவள் ஒருத்திக்குத்தான். அவளிடம் போய் மூக்கை நீட்டினால் என்ன செய்வாள்? ஒரு இடி. குட்டி மணலில் உருண்டு போய் வீறிட்டது. யூனிட் மொத்தமும் ஓடி வந்துவிட்டது. ஒருத்தர் தூக்கினார், ஒருத்தர் தடவினார், ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மாஸ்டர் என்னை முறைத்தார். "இன்னா யக்கா, உன் ஆடு இம்மாம் மொரடா கீது?"

"அதாண்ட மூஞ்சியக் கொண்டாந்து வச்சா இடிக்கத்தான் செய்யும். நீ வச்சுப் பாரு, உன்னியும் இடிக்கும்."

லைட்மேன்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு செவலை பக்கம் போகும்போதெல்லாம் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கித்தான் போவார்.

படப்பிடிப்பு இப்படித்தான் நடந்தது. நான் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். என் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கத்தில் மந்தையைப் பிடித்து வைத்திருப்பார். டைரக்டர் கை காட்டுவார். நாக்கை மேலே ஒட்டி "ட்ர்ர்ர்... ஓவ்" என்று இழுப்பேன். செவலை தலையைத் தூக்குவாள், நடப்பாள், மந்தை ஓடி வரும். மாஸ்டர் குட்டியை விடுவார். அது விளையாட்டுப் பிள்ளை மாதிரிக் குதித்துக்கொண்டு பின்னாலேயே வரும். டைரக்டர் கட் என்பார். எல்லாரும் கை தட்டுவார்கள். யாருக்கு?

"சூப்பர்டா துரை!"

நான் வைக்கோலைத் தலையிலிருந்து தட்டிக்கொண்டே எழுந்து வருவேன்.

துரைக்குத் தனி அறை. நின்றுகொண்டு சுற்றுகிற பெரிய மின்விசிறி. கோழி வேகவைத்து, எலும்பெடுத்து, தயிர் சோற்றில் பிசைந்து வரும். வெயிலில் நடந்தால் குடை பிடிக்க ஆள். என் ஆடுகள் கொளுத்துகிற மணலில் ஒன்றின் வயிற்று நிழலில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கல்பாக்கம் பக்கத்து ஆபீஸ் குடும்பங்கள் ஸ்கூட்டரிலும் வேனிலுமாக வேடிக்கை பார்க்க வரும். துரையோடு போட்டோ எடுத்துக்கொள்ள வரிசை. ஒருமுறை ஒரு அம்மாள், பட்டுப்புடவை, நல்ல மனுஷிதான், என்னைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் தள்ளிக்கறீங்களா? போட்டோல நீங்க விழறீங்க" என்றாள்.

தள்ளிக்கொண்டேன். ஆனால் செவலையைத் தள்ளவில்லை. அந்தக் குடும்பத்துப் போட்டோவில் எங்கேயோ ஒரு ஓரத்தில் அவள் பின்பக்கம் இருக்கும்.

சாயங்காலம் மந்தையோடு திரும்பும்போது வழியெல்லாம் இதையே பேசிக்கொண்டு வருவேன். வீட்டுக்காரர் பீடியை வாயில் வைத்துக்கொண்டு கேட்பார்.

"இன்னாமே, ஒரு நாயாண்ட போயி போட்டி போட்டுக்கினு கீற?"

"போட்டியா? எனுக்கா? ஓட்டறது நானு, பேரு அதுக்கு. அத்தச் சொன்னா போட்டியா?"

"உனுக்கும் கொட புடிக்கச் சொல்லட்டா?"

"புடிக்கச் சொல்லு. கோழியும் போடச் சொல்லு."

"எலும்ப எடுத்தா, எடுக்காமயா?"

அவருக்கு எல்லாம் வேடிக்கை. எனக்கு வேடிக்கை இல்லை. ஆடு வைத்திருப்பவளிடம் நிலம் இருக்காது, படிப்பு இருக்காது. ஒரு குரல் இருக்கும். அந்தக் குரலுக்கு இத்தனை தலை நிமிரும் என்பதுதான் அவள் கௌரவம். அதைத் தூக்கி ஒரு பஞ்சு நாயிடம் கொடுத்துவிட்டு அடுத்தவன் கை தட்டினால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். இந்த நாய் எங்கே தப்பு செய்யும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிரியம் வைத்தவர்கள் அதன் முடியையும் கண்ணையும் பார்த்தார்கள். மாஸ்டர் தான் சொன்னதைச் செய்கிறதா என்று பார்த்தார். நான் ஒருத்திதான் அதை முழுசாகப் பார்த்தேன். பகை கொண்டவள் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். எழுவதற்கு முன்னால் அது தலையைத் தணிக்கும். ஏதாவது முடிவு செய்துவிட்டால் இடது காது மட்டும் பின்னால் மடங்கும். பக்கத்தில் நிற்கிற ஆட்டைப் பார்க்காது. கூட்டத்தை விட்டு விலகப் போகிற ஆடு எதுவோ அதைத்தான் பார்க்கும். இதையெல்லாம் நான் வேண்டுமென்று கற்றுக்கொள்ளவில்லை. வயிற்றெரிச்சல் கற்றுக்கொடுத்தது.

சில மாதம் கழித்து இரண்டாம் முறை வந்தார்கள். துரை வளர்ந்து, காலெல்லாம் நீண்டு, விடலையாக இருந்தது. அப்போது நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். இது உங்களுக்கு உதவும்.

மாஸ்டர் நாய்க்கு ஒரு பழக்கம் ஏற்படுத்தியிருந்தார். டைரக்டர் "கட்" என்றதும் அதற்கு ஒரு பிஸ்கட். அதனால் அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், எங்கிருந்தாலும் மாஸ்டரின் இடுப்புப் பையைத் தேடி ஓடும். நல்ல பழக்கம்தான். அன்றைக்குக் காட்சி என்ன என்றால், பண்ணைத் தாத்தாவாக நடிக்கிற பெரியவர் துரையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வேலைக்காரனைப் பார்த்துச் சத்தம் போட வேண்டும். பெரியவர் மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னார்: "ஏலே, அந்த ஆட்டைப் பிடிச்சுக் கட்டு!"

துரை எழுந்து ஓடிவிட்டது. பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

மறுபடி. "ஆட்டைப் பிடிச்சுக் கட்டு!" துரை ஓடியது. மறுபடி. பெரியவருக்குக் கோபம். "என்னய்யா, என் பக்கத்துல உக்காரப் பிடிக்கலையா இதுக்கு? நான் என்ன பண்ணிட்டேன்?" மாஸ்டருக்கு வேர்த்தது. நாய்க்கு உடம்பு சரியில்லையோ என்று மூக்கைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் மேலே விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த லைட்மேன்தான் கத்தினார்.

"சார், அவரு ஆட்டக் கட்டுன்றாரு. நாயி படத்தக் கட்டுன்னு நெனச்சிக்கினு போவுது!"

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வசனத்தை "பட்டியில அடை" என்று மாற்றினார்கள், சரியாகிவிட்டது. நீங்கள் ஒரு பிராணிக்கு ஒரு சொல்லைப் பழக்குவதற்கு முன்னால், அந்தச் சொல் நம் பேச்சில் வேறு எங்கெல்லாம் வரும் என்று வாயால் சொல்லிப் பாருங்கள். அதற்குச் சொல்தான் தெரியும், நம் அர்த்தம் தெரியாது.

அன்றைக்கு எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் வேறொன்றையும் பார்த்தேன். கேமராவை மூடி வைத்திருந்தார்கள். மாஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் குரல் கொடுக்கவில்லை. மந்தை மணலில் அங்கங்கே பரவி மேய்ந்தது. துரை எழுந்து, தலையைத் தணித்து, தூரமாக ஒரு பெரிய வட்டம் போட்டுச் சுற்றி வந்தது. வந்து படுத்துக்கொண்டது. பரவியிருந்த ஆடுகள் தானாக நெருங்கி ஒன்றாகிவிட்டன. செவலை கூட.

என் கையிலிருந்த சோறு கையிலேயே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

கடைசி முறை வந்தபோது துரை முழு நாய். எடுக்க வேண்டியது கடைசிக் காட்சி: கடலோர மணல் மேட்டிலிருந்து மொத்த மந்தையையும் துரை ஓட்டிக்கொண்டு வந்து பண்ணை வீட்டுப் பட்டியில் அடைக்க வேண்டும். பண்ணைக்காரராக நடிக்கிற பெரிய நடிகர், அந்தத் தாத்தா இல்லை, பேர் போன கதாநாயகர், வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கே கடலும் மணல் மேடும். மேற்கே பட்டி. பட்டிக்குப் பின்னால் ஓலைத் தடுப்பு, அதன் மறைவில் நான். பட்டியைத் தாண்டினால் கடற்கரைச் சாலை. நடுவில் சவுக்குத் தோப்பு மறைத்திருந்தது. ஆனால் வடக்குப் பக்கம் வண்டி வந்துபோகத் தோப்பில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். அதில் நுழைந்தால் நேரே சாலை. சாலை அகலமான பிறகு அங்கே பஸ்ஸும் காரும் எப்படிப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

காலையிலேயே தயாராக இருந்தோம். காலையில் அங்கே காற்று அசையாது. என் குரல் கடல் வரைக்கும் போகும். நடிகர் வரவில்லை. அவர் வந்து இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்து, கடல் காற்று ஏறிவிட்டது. என் சேலை முந்தானை மேற்கே பறந்தது. நான் டைரக்டரிடம் போனேன்.

"தம்பி, காத்து ஏறிச்சி. கடலாண்டருந்து என் மூஞ்சிக்கு அடிக்குது. என் கொரலு ஆட்டாண்ட போவாது. காலீல வச்சிக்கலாம்."

"அம்மா, சார் நாளைக்கு இருக்க மாட்டார். இன்னிக்கே எடுத்தாகணும்."

மாஸ்டர் நடுவில் புகுந்தார். "யக்கா, தொர கீறான் இல்ல? அவன் ஓட்டிக்கினு வந்துருவான்."

எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ.

"இன்னா ஓட்டுவான்? இம்மாம் நாளு யாரு ஓட்டினாங்கன்னு உனுக்குத் தெரியாது? வெக்கோலுக்குப் பின்னால குந்திக்கினு தொண்ட கிழியக் கத்தினது உன் தொரயா?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடிகர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா சொல்றீங்க? அப்ப ஆட்டை ஓட்டினது நாய் இல்லையா? நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேனே!"

டைரக்டர் தரையைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். வடக்குச் சந்தில் கயிறு கட்டி ஆட்களை நிறுத்தினால் ஆட்டை விடுகிறேன், இல்லாவிட்டால் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். சரி என்றார்கள். ஆட்கள் போவதைப் பார்த்துவிட்டு நான் தடுப்புக்குப் பின்னால் போனேன். போன பிறகு, ஆட்கள் கேமராவில் தெரிகிறார்கள் என்று அவர்களை யூனிட்டில் அனுப்பிவிட்டார்கள். கயிறும் போய்விட்டது. எனக்குத் தெரியாது. பிள்ளைகளே, நீங்கள் ஒரு நிபந்தனை போட்டால், ஆக்‌ஷன் என்று சொல்கிற வரைக்கும் அதைத் திரும்பித் திரும்பிப் பாருங்கள். அவர்களுக்குப் படம்தான் முக்கியம். அது தப்பில்லை. உங்களுக்கு ஆடு முக்கியம்.

கை காட்டினார்கள். மேட்டின் மேலிருந்து வீட்டுக்காரர் மந்தையை விட்டார். நான் குரல் கொடுத்தேன். கடல் காற்று அதை அப்படியே என் வாய்க்குள் திருப்பித் திணித்தது. செவலை பாதி வழி வந்து நின்றாள். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. அவள் நின்றால் எல்லாம் நின்றது. துரை பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

அப்போது வெளிச்சத்துக்காகப் பிடித்திருந்த வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்று காற்றில் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. உருண்டு, எழும்பி, பேய் மாதிரி வந்து மந்தையின் நடுவில் விழுந்தது. அவ்வளவுதான். மந்தை சிதறி வடக்கே பாய்ந்தது. செவலை முன்னால். நான் தடுப்பை விட்டு வெளியே ஓடி வந்தேன். சந்தைப் பார்த்தேன். ஆளும் இல்லை, கயிறும் இல்லை. அந்தப் பக்கம் ஒரு பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

உயிரை விட்டுக் கத்தினேன். பின்னால் ஓடிய ஆடுகளுக்கு மட்டும் லேசாகக் கேட்டிருக்கும். அவை நின்று என் பக்கம் திரும்பின. முன்னால் போனவை போய்க்கொண்டே இருந்தன. மந்தை இரண்டாகக் கிழிந்தது. இந்தப் பக்கம் மாஸ்டர், "தொர! கம்! கம்!" என்று அலறிக்கொண்டு ஓடினார். அவருக்கு அவர் நாய் சாலைக்குப் போய்விடக் கூடாது. நாய் நின்றது. மாஸ்டரைப் பார்த்தது. ஆடுகளைப் பார்த்தது.

நான் அதன் தலையைப் பார்த்தேன். தணிந்தது. இடது காது பின்னால் மடங்கியது.

அதற்கு வழி தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது, அது எங்கே போகப் போகிறது என்று. போன முறை சாப்பாட்டு நேரத்தில் போட்ட அதே வட்டம். தோப்புக்குள் புகுந்து சுற்றி, ஆட்டுக்கு முன்னால் சந்தில் போய் நிற்கப் போகிறது. அதை நிறுத்தி வைத்திருப்பது மாஸ்டரின் குரல். என் மந்தையைக் கிழித்துக்கொண்டிருப்பது என் குரல்.

"யோவ் மாஸ்டர், வாய மூடு!"

"யக்கா, ரோடு கீது! ரோடு!"

"கீதுன்னு எனுக்குத் தெரியும்யா! மூடு!"

அவர் திகைத்துப்போய் நிறுத்தினார். நானும் நிறுத்தினேன்.

சொல்வது சுலபம். தன் ஆடு சாலையைப் பார்த்து ஓடும்போது ஆட்டுக்காரி வாயை மூடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். நின்றுகொண்டிருந்தால் பாதி ஆடுகள் என்னையே பார்க்கும் என்று மணலில் உட்கார்ந்தேன். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். என் ஆடுகளை அந்த நாயிடம் கொடுத்தேன்.

துரை தோப்புக்குள் மறைந்தது. அடுத்து நான் பார்த்தபோது சந்தில் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. குரைக்கவில்லை. பாயவில்லை. செவலை அதற்கு நேர் எதிரே வந்து நின்று காலைத் தரையில் தட்டினாள். இடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். துரை அவளைப் பார்த்தது, அவ்வளவுதான். அவள் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் எல்லாம் திரும்பின. துரை எழுந்து இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு. கிழிந்த மந்தை ஒன்றாகி, உட்கார்ந்திருந்த என்னைக் கடந்து, பட்டிக்குள் போனது. ஒரு ஆடு கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாரும் நாயிடம் ஓடினார்கள். மாஸ்டர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். வீட்டுக்காரர் மேட்டிலிருந்து ஓடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேலி எதுவும் பேசவில்லை. அன்றைக்கு எடுத்ததில் நானும் தெர்மாகோலும் விழுந்திருந்ததால் படத்துக்கு உதவாது என்று விட்டுவிட்டார்கள். நடிகர் தானாகவே முன்வந்து, நாளைக் காலை வரைக்கும் இருக்கிறேன் என்றார்.

மறுநாள் விடிந்ததும் சந்தில் கயிறு கட்டி, ஓலை வைத்து மறைத்து, நானே நின்று பார்த்துக்கொண்டேன். காற்று இல்லை. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. டைரக்டர் என்னிடம் வந்து, "அம்மா, நீங்க கூப்பிடுங்க. நாயும் வரட்டும். ரெண்டும் இருக்கட்டும்" என்றார்.

கூப்பிட்டேன். முந்தின நாள் முழுங்கின குரலையும் சேர்த்துக் கூப்பிட்டேன். மணல் மேடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. செவலை தலையைத் தூக்கி, நான் இருக்கிற பக்கம் பார்த்தாள். ஆனால் நடக்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். படுத்திருந்த துரை எழுந்தது. பிறகுதான் நடந்தாள். மந்தை வந்தது, பட்டியில் அடைந்தது, கட் சொன்னார்கள், கை தட்டினார்கள்.

நான் தடுப்பிலிருந்து வெளியே வந்தேன். நடிகர் நேராக என்னிடம் வந்தார். முந்தின நாள் நான் போட்ட சத்தத்தை அவர் மறக்கவில்லை. கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. இன்னிக்கு ஓட்டினது யாரு? நீங்களா, நாயா?"

மாஸ்டர் நின்றார். டைரக்டர் நின்றார். லைட்மேன்கள், சாப்பாடு போடுகிறவர்கள், எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். இத்தனை மாதம் அந்தக் கேள்வியை ஒருத்தராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். செவலை என் குரலுக்குத் தலையைத் தூக்கியதை அவர்களும் பார்த்தார்கள். மறுத்துப் பேச ஆள் கிடையாது. ஆனால் அவள் கழுத்தைத் திருப்பியதைப் பார்த்தது நான் ஒருத்திதான். அது என்ன என்று புரிந்ததும் எனக்கு மட்டும்தான். நாளைக்கு வேறு படத்துக்கு இந்த மந்தையை ஓட்டிப் போகும்போது, எதற்கு நடப்பாள், எதற்கு நடக்க மாட்டாள் என்று தெரியாமல் போய் நின்றால், மறுபடி சாலை இருக்கும், மறுபடி பஸ் வரும். பெருமைக்காகத் தப்பாகச் சொல்லிப் பழகினால் நானே அதை நம்பிவிடுவேன்.

"நாயிதான்" என்றேன்.

மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். நான் அதைக் கவனிக்காத மாதிரி ஆடுகளிடம் போனேன். செவலை கொம்பில்லாத தலையை என் முழங்காலில் தேய்த்தாள். "போடி அந்தாண்ட" என்று அவளைத் தள்ளிவிட்டேன்.

அன்றைக்கு எங்களுக்கும் கோழி போட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.